எல்லையில் ஒரு மழை விடுமுறை

போன நவம்பரில், கோவில்பட்டியிலிருந்து ஏறக்குறைய ஐநூறு கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து ஓசூரில் இறங்கினேன். ஆசிரியையாக எனக்குக் கிடைத்த முதல் வேலை. பள்ளி இருப்பது கர்நாடகத்தின் அத்திப்பள்ளியில், அறை கிடைத்தது தமிழ்நாட்டின் ஜூஜூவாடியில். ஒரு வாரம் சோதனைக் காலம். ஆறாம் நாள் பள்ளி முதல்வர் வகுப்பில் வந்து உட்காருவார், அவருக்குப் பிடித்தால்தான் வேலை. "பத்து நாள்ல பெட்டியோட வந்து நிப்ப பாரு" என்று சொல்லித்தான் அண்ணன் பஸ் ஏற்றினான். என்னைப் போல வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

வழி இதுதான். ஓசூர் பேருந்து நிலையத்திலிருந்து ஜூஜூவாடி ஏழு கிலோமீட்டர், டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அங்கிருந்து அத்திப்பள்ளி மூன்று கிலோமீட்டர். அந்தப் பக்கத்து அரசு பஸ்ஸிலும் பெண்களுக்கு இலவசம்தான், ஆனால் ஆதாரில் கர்நாடக முகவரி வேண்டுமாம். நான் கோவில்பட்டி ஆதாரை நீட்ட, கண்டக்டர் சிரித்தபடி டிக்கெட் கிழித்தார். மறுநாள் முதல் ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகள். ஒருத்தி தெலுங்கில் தண்ணீர் கேட்பாள், பக்கத்தில் இருப்பவன் கன்னடத்தில் புகார் சொல்வான். மூன்று நாளாகியும் யார் எந்த மொழி என்று எனக்குப் பிடிபடவில்லை. எல்லோருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

ஆறாம் நாள் காலை ஐந்தரைக்குக் கண் விழித்தால் பேய் மழை. செல்போனில் செய்தி: கனமழை காரணமாகக் கிருஷ்ணகிரி மாவட்டப் பள்ளிகளுக்கு விடுமுறை. அப்பாடா, முதல்வர் வருவது ஒரு நாள் தள்ளிப்போயிற்று என்று இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

எட்டு மணிக்குப் பால் வாங்கக் கதவைத் திறந்தேன். எதிர் வீட்டு வாசலில் என் வகுப்பு ஹரிணி, சீருடையும் ஷூவும் போட்டு, டிபன் பையோடு நிற்கிறாள். உள்ளே அவள் அக்கா நைட்டியோடு டிவி பார்க்கிறாள். அவர்கள் அம்மா மஞ்சுளா, பேக்கிங் கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இன்னா மிஸ், கெளம்பலையா?"

"லீவு தானேக்கா. போன்ல வந்துச்சே."

"அது இந்தப் பக்கத்துக்கு மிஸ். பெரியவ இங்க கவர்மென்ட் ஸ்கூல், அவளுக்கு லீவு. நம்ம ஸ்கூலு அந்தப் பக்கம்ல, அது பெங்களூரு ஜில்லா. வேன் வர்ற நேரம், ஓடுங்க."

ஒரு வீட்டுக்குள் இரண்டு மாவட்டம் இருக்கும் என்று பி.எட்.டில் யாரும் சொல்லித்தரவில்லை. தலைவாராமல், கிடைத்த புடவையைச் சுற்றிக்கொண்டு ஹரிணியோடு வேனில் ஏறினேன். கழித்தல் பாடத்துக்காக இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்த சார்ட்டுகள் அறையிலேயே கிடந்தன. அது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது.

வகுப்பின் கடைசி பெஞ்சில் முதல்வர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். நடத்தக் கையில் ஒன்றும் இல்லை. வாயில் வந்ததைக் கேட்டேன்: "உங்க வீட்ல அண்ணனுக்கோ அக்காவுக்கோ இன்னிக்கி லீவு, உங்களுக்கு மட்டும் ஸ்கூல். யார் யாருக்கு அப்படி?" பதினோரு கைகள் உயர்ந்தன, எல்லாம் கடுப்போடு. இருபத்தாறில் பதினொன்று போனால்? கையைத் தூக்காதவர்களைத் தலை எண்ணி, பதினைந்து என்று நான்கு மொழியில் கத்தினார்கள். அரைமணி நேரம் அந்த மழையை வைத்தே கழித்தோம்.

முதல்வர் கன்னடக்காரர், தமிழ் பேசுவார். வெளியே வந்ததும் உண்மையைச் சொன்னேன்.

"லீவுன்னு படுத்துட்டேன் மேடம்."

"அந்தப் பக்கம் இருந்து வர்றவங்க எல்லாரும் ஒரு தடவை படுப்பாங்க. ரெண்டாவது தடவை படுக்கக் கூடாது. ஆபீஸ்ல போய் ஆர்டர் வாங்கிக்கோங்க."

எல்லையில் தங்கி வேலை பார்க்க வருகிறவர்களே, இரண்டு மாவட்டச் செய்தியையும் பாருங்கள். பண்டிகை விடுமுறையும் ஒத்துப்போகாது, பள்ளியின் பட்டியலை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் எதிர் வீட்டைப் பாருங்கள், அது போதும்.

மறுநாளும் மழை. காலை ஆறு மணிக்கே அண்ணன் கூப்பிட்டான்.

"என்ன பிள்ள, உங்க ஊர்ல இன்னைக்கும் லீவாம்ல. டிவில சொல்லுதான். பெட்டியக் கட்டிக்கிட்டு வந்துரு."

"எனக்கு லீவு இல்ல அண்ணே" என்று சொல்லிவிட்டுத் தலைவார உட்கார்ந்தேன்.