பன்னிரண்டாவது பிள்ளை

எங்கள் வீட்டு டிவிக்கு மேலே ஒரு கோப்பை இருந்திருக்க வேண்டும். அது எதிர்ச் சந்தில் வேறொரு வீட்டில் இருக்கிறது. போன தீபாவளிக்குப் பலகாரம் கொடுக்கப் போனபோது பார்த்தேன். அதில் சீப்பும் ஹேர்பின்னும் போட்டு வைத்திருந்தார்கள். பத்து வயதில் அதற்காக நான் அழுத அழுகையை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அதே நாளில் நான் செய்த இன்னொரு காரியத்தை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது.

அன்றைக்குச் சுதந்திர தினம். தாராவியில் எங்கள் பக்கத்து இளைஞர் மன்றத்தார் வருடா வருடம் கொடியேற்றி, ஆளுக்கொரு லட்டு கொடுத்து, பிள்ளைகளுக்கு ஓட்டப் பந்தயம் வைப்பார்கள். நைன்டி ஃபீட் ரோட்டில் மன்றத்து வாசலில் கிளம்பி, சயான் பக்கம் இருக்கும் மருந்துக்கடை வரை போய்த் திரும்பி, மறுபடியும் மன்றத்துக்கே வர வேண்டும். போகவர ஒரு கிலோமீட்டருக்கு மேலே இருக்கும். முந்தின வருடம் இரண்டு பேர் பாதியிலேயே திரும்பி வந்து முதல் பரிசையும் இரண்டாம் பரிசையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதனால் மன்றத்துச் செயலாளர் புதுச் சட்டம் போட்டிருந்தார். மருந்துக்கடை வாசலில் ஓர் ஆள் நிற்பார். ஓடி வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு சிவப்புத் துணிப் பட்டை கொடுப்பார். பட்டையோடு வந்து சேர்ந்தால்தான் பரிசு.

அந்த ஆள் என் மாமா, அம்மாவின் கடைசித் தம்பி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் ஒற்றை அறை வீட்டில் எங்களோடு இருந்தார். அப்போது ஒரு தையல் பட்டறையில் துணி வெட்டிக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் தோல் பட்டறை, அதற்கும் முன்னால் மாஹிமில் ஒரு பேக்கரி. எதிலும் ஆறு மாதம் தாண்டியதில்லை. அவன் காலில் சக்கரம் கட்டியிருக்கிறது என்பாள் அம்மா. சோற்றைத் தட்டில் போட்டுவிட்டுக் குழம்பு எடுக்கத் திரும்பினால் ஆள் இருக்க மாட்டார். சந்து முனையில் யாருக்காவது கேஸ் சிலிண்டர் தூக்கிக்கொண்டிருப்பார்.

அப்பாவுக்கு டிராம்பேயில் ஒரு கம்பெனியில் வேலை. அங்கே ஸ்டோர் கேட்டுக்கு நிரந்தரமாக ஓர் ஆள் தேவைப்பட்டது. உள்ளே வருகிற லாரியையும் வெளியே போகிற லாரியையும் நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்று பார்த்துக்கொள்கிற வேலை. தம்பியைச் சேர்த்துவிடச் சொல்லி அம்மா ஒரு வாரமாக அப்பாவிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள். அப்பா அவசரப்பட்டு வாக்குக் கொடுக்கிறவர் இல்லை. செயலாளரிடம் சொல்லி மருந்துக்கடை வாசலில் மாமாவை நிறுத்தியதே அவர்தான்.

"ஒரு மணி நேரம் ஒரே எடத்துல நிக்கட்டும். நின்னாம்னா நாளைக்கே போய்ச் சொல்லுதேன்" என்றார்.

ஆக அன்றைக்கு எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குப் பரீட்சை. என்னுடையது மட்டும்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

மாமா பட்டறையில் மிச்சமான சிவப்பு லைனிங் துணியை முதல் நாளே முழ நீளப் பட்டைகளாக வெட்டி வைத்துவிட்டார். பெண்பிள்ளைகள் பன்னிரண்டு, அடுத்து ஓடப்போகிற பையன்கள் இருபது என்று செயலாளரிடம் கேட்டு எண்ணி எடுத்துக்கொண்டார். காலையில் கிளம்பும்போது மழை கொட்டத் தொடங்கியிருந்தது. நனைந்து கெட்டுப்போகும் என்று செல்போனை அம்மா வாங்கி வைத்துக்கொண்டாள். மருந்துக்கடைக்காரர் வாசலில் கூரைத் தகடு உண்டு, உட்கார ஸ்டூலும் தருகிறார் என்று செயலாளர் சொன்னார். அந்த மழையில் ஊரிலேயே உலர்ந்த இடம் மாமாவுக்குத்தான் கிடைத்தது என்று அப்பா சிரித்தார்.

பந்தயத்தைத் தள்ளிப்போடலாமா என்று பேச்சு வந்தது. விருந்தாளி வந்தாயிற்று, கோப்பையும் மேசைக்கு வந்தாயிற்று, மழைக்குப் பயந்தால் பம்பாயில் குடியிருக்க முடியுமா என்று செயலாளர் விசிலை ஊதிவிட்டார். எங்கள் முதுகில் ஊக்கால் குத்தியிருந்த நம்பர் காகிதங்கள் பத்தே நிமிடத்தில் கூழாகி ஊக்கு மட்டும் மிஞ்சியது.

ஐம்பது அடி ஓடுவதற்குள் என் பக்கத்தில் வந்த இட்லிக்கார அக்காவின் மகள் செருப்பு வார் அறுந்து விழுந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு கடைப் படியில் உட்கார்ந்தவள், கொஞ்சம் அழுதுவிட்டு எழுந்து தன் சந்துக்குள் நொண்டிப் போவதைத் திரும்பிப் பார்த்தேன். ஒருத்தி குறைந்தாள் என்று எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. நான் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு ஓடினேன். கண்ணில் தண்ணீர், வாயில் தண்ணீர், காலடியில் தண்ணீர். அவ்வளவு வேகமாக அதற்கு முன்னும் ஓடியதில்லை, பின்னும் ஓடியதில்லை. எனக்கு முன்னால் ஒருத்தியும் இல்லை.

மருந்துக்கடைக்கு ஐம்பதடி முன்னால் ரோடு பள்ளமாக இறங்கும். அங்கே என் தொடை வரை தண்ணீர் நின்றது. அந்தத் தண்ணீரின் நடுவில் மாமா நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் வடியட்டும் என்று கடைக்காரர்கள் கட்டர் என்கிற சாக்கடைக் குழியின் மூடியைத் திறந்துவிட்டுத் தங்கள் ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விட்டிருந்தார்கள். திறந்த இடத்துக்கு அடையாளமாக யாரோ நட்ட குச்சியைத் தண்ணீர் எப்போதோ கொண்டுபோயிருந்தது. மாமா பந்தயப் பட்டைகள் அத்தனையையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக் கயிறாக்கி, ஒரு முனையை விளக்குக் கம்பத்தில் கட்டி, மறுமுனையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு குறுக்கே நின்றார். அவருக்குப் பின்னால் தண்ணீர் சுழன்றது. ஒரு டீ கப் மிதந்து வந்து இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளே போனது. அது எங்கே வெளியே வரும் என்று ஒரு கணம் பார்த்தேன்.

"ஓடாத. செவரப் புடிச்சு ஓரமா பைய போ" என்றார் மாமா. அவர் அதட்டி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஓரமாக நடந்து மருந்துக்கடையைத் தொட்டேன். ஸ்டூல் இருந்தது, ஆள் இல்லை. திரும்பி வந்து மாமாவிடம் பட்டை கேட்டேன். இப்போது அவிழ்க்க முடியாது, தான் வந்து சொல்லிக்கொள்வதாகச் சொல்லி என்னைப் போகச் சொன்னார். ஒன்றே ஒன்று கொடுங்கள் என்று அழுதேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் வருகிறவர்களைப் பார்த்து உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அக்காள் மகள் அழும்போது அப்படி என்ன ஜபம் என்று எரிச்சலாக வந்தது.

முதலில் வந்து சேர்ந்தது நான்தான். என் கையில் பட்டை இல்லை. எனக்குப் பின்னால் வந்தவளிடமும் இல்லை. மூன்றாவதாக வந்த எதிர்ச் சந்துப் பெண் கையில் நனைந்த சிவப்புத் துணி ஒன்று தொங்கியது. வருகிற வழியில் சடையிலிருந்து அவிழ்த்த பள்ளிக்கூட ரிப்பன் அது என்பதை அவளுடைய ஒற்றைச் சடை மட்டும் சொன்னது. செயலாளர் குடைக்குள்ளிருந்து பார்த்து, சட்டம் சட்டம்தான் என்று கோப்பையை அவளிடம் கொடுத்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது அன்று எனக்குப் புரிந்தது. என்னுடைய இரண்டு சடையிலும் சிவப்பு ரிப்பன் இருந்தது என்பது வீட்டுக்குப் போய் அம்மா தலை துவட்டியபோதுதான் ஞாபகம் வந்தது.

இதற்குள் மன்றத்தார் ஒருவர் குடையோடு பாதி தூரம் போய், முட்டளவு தண்ணீரைக் கண்டதும் திரும்பி வந்து, மருந்துக்கடை வாசலில் ஆளே இல்லை என்று சாட்சி சொல்லிவிட்டார். மாமா தண்ணீரில் நின்று கயிறு கட்டி விளையாடிக்கொண்டிருந்ததாக ஒரு பெண் சொன்னாள். பையன்கள் பந்தயத்தை ரத்து செய்து, மன்றத்தைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் போய்விட்டார்கள். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மாமா வரும்போது மணி இரண்டு தாண்டியிருந்தது. கால் இரண்டும் வெளுத்துச் சுருங்கியிருந்தன. ஸ்டோர் கேட் வேலை கைவிட்டுப்போன ஆத்திரத்தில் அம்மா நின்ற வாக்கிலேயே திட்டத் தொடங்கினாள். ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம் உன்னால் நிற்க முடியவில்லையா என்று கேட்டாள்.

"அங்கனதான் நின்னேன்க்கா" என்றார் மாமா.

அப்பா என் பக்கம் திரும்பினார். மருந்துக்கடை வாசலில் மாமா நின்றாரா என்று கேட்டார். எனக்கு எல்லாம் தெரியும். கயிறு தெரியும், கட்டர் தெரியும், சுழன்று உள்ளே போன கப் தெரியும். அது எதையும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் கோப்பை போய்விட்டது.

"மருந்துக்கடையில மாமா இல்ல" என்றேன்.

மாமா என்னைப் பார்த்தார். பிறகு, "ஆமா அத்தான், அங்க இல்லதான்" என்றார்.

பேச்சு அதோடு முடிந்தது. அம்மா தட்டில் சோறு போட்டாள். அவர் தொடவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "பன்னெண்டு பிள்ளேளும் வந்துட்டீங்களாட்டி?" என்று கேட்டார். நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். பதினொன்றைத்தான் தான் எண்ணியதாகச் சொன்னார். இன்னொரு பிள்ளை எங்கே என்று மறுபடி கேட்டார். நான் எத்தனை பேரை ஜெயித்தேன் என்று கேட்டு என்னைச் சமாதானப்படுத்தப் பார்க்கிறார் என்று நினைத்தேன். மூன்றாம் தடவை கேட்டபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நல்ல நாளில் வீட்டுக்குள் சொல்லக் கூடாத வார்த்தைகள் உண்டு. அம்மா காதுபட அதற்கு மேல் எதையும் அவர் சொல்லவில்லை. எழுந்து மழையில் இறங்கிப் போய்விட்டார்.

"பாத்தீங்களா, சோத்த வச்சுட்டுத் திரும்பல, ஆளக் காணோம்" என்று அம்மா அப்பாவிடம் சொல்லி அழுதாள்.

கேட் வேலைக்கு வேறு ஆள் வந்தது. அடுத்த மாதம் மாமா சூரத்துக்குப் போனார். அங்கே ஒரு பட்டறையில் இன்றைக்கும் துணி வெட்டுகிறார். அதே பட்டறைதான். அம்மா அதை ஒரு அதிசயமாக எல்லோரிடமும் சொல்வாள்.

இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் சயானில் லேடீஸ் பெட்டியில் ஏறியபோது அந்த இட்லிக்கார அக்காவின் மகளைப் பார்த்தேன். மடியில் குழந்தை இருந்தது. என்னைப் பார்த்ததும் மாமா நன்றாக இருக்கிறாரா என்றுதான் முதலில் கேட்டாள்.

"ரேஸ் அன்னைக்கு சாயங்காலம் எங்க வாசல்ல வந்து நின்னாரு. ஒவ்வொரு வீடா ஏறி எறங்கி வாராருன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. நீ ஓடலையாட்டின்னு கேட்டாரு. நான் முட்டியக் காட்டுனேன். அப்படியே படியில உக்காந்துட்டாரு. எங்கம்மா என்னன்னு கேட்டதுக்கு ஒண்ணும் இல்லன்னுட்டாரு. எந்திரிக்கவே அவருக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு."

நான் இறங்க வேண்டிய ஸ்டேஷன் போய்விட்டது. அந்தச் சுழிக்கு முன்னால் பதினொன்று வரை எண்ணிவிட்டு, பன்னிரண்டாவது பிள்ளைக்காக மூன்று மணி நேரம் அவர் அங்கேயே நின்றிருக்கிறார். அவள் நொண்டிக்கொண்டு வீட்டுக்குப் போனதைப் பார்த்தவள் நான். எனக்குத் தெரிந்ததை, மூன்று தடவை கேட்டும், நான் சொல்லவில்லை. மாமாவுக்குப் போன் செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு மழைக்கும் நினைக்கிறேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

அந்தப் பந்தய நாளில் விளக்கு வைக்கிற நேரத்தில் மாமா திரும்பி வந்தார். தலையைத் துவட்டிக்கொண்டே தனக்குத்தானே சிரித்தார். பசிக்கிறது என்று அம்மாவிடம் கேட்டு வாங்கி நாலு தோசை தின்றார். இன்னொன்று போடச் சொன்னார். வெட்கம் கெட்ட சிரிப்பு என்று அம்மா முனகியது எனக்கும் சரியாகத்தான் பட்டது. கோப்பை கைவிட்டுப்போன வீட்டில் ஒரு மனிதருக்கு எப்படி இப்படிப் பசிக்கும் என்று, போர்வைக்குள்ளிருந்து அவரையே முறைத்துக்கொண்டிருந்தேன்.