அக்கா கொடுத்த கிட்னி

கம்பத்திலிருந்து மதுரை போகும் பஸ்ஸில் ஒரு அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் மாஸ்க். முன் சீட்டுக் கம்பியைத் தொடும்போதெல்லாம் கையைத் துடைத்துக்கொண்டார்.

என்ன வேலை என்று கேட்டார். ரத்தத்திலுள்ள நோய் எதிர்ப்பு அணுக்களை லேபில் வளர்த்து, அவற்றை அடக்கும் மருந்தைச் சேர்த்து என்ன ஆகிறதென்று பார்ப்பேன் என்றேன்.

"அந்த மருந்தத்தாம்மா நானும் திங்கிறேன். எங்க அக்கா கிட்னி குடுத்தாக. நல்லாத்தான இருக்கோம்னு ரெண்டு நாளா மாத்திரைய விட்டுட்டேன்."

எனக்குப் பதறிவிட்டது. "விடக்கூடாதும்மா! மருந்து அந்த அணுக்களைப் பெருகவிடாம அடக்கித்தான் வச்சிருக்கு. லேப்ல மருந்தைக் கழுவி எடுத்துட்டா திரும்பப் பெருக ஆரம்பிச்சிடும். உங்க உடம்புல அப்படி ஆனா, கிட்னியத்தான் தாக்கும்."

"எங்க அக்கா கிட்னியவா? கூடப் பொறந்தவுகன்னு அதுகளுக்குத் தெரியாதா?"

"வேற உடம்புன்னு மட்டுந்தான் தெரியும்."

"நாந்தான வேணும்னு வாங்குனேன். என் உடம்பு எம்பேச்சக் கேக்காதா?"

முதலில் டாக்டருக்குப் போன் போடச் சொன்னேன். அவர் திட்டிவிட்டு, உடனே மாத்திரையைப் போட்டுக்கொண்டு நேரே தேனி ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். அம்மா மாஸ்க்கை இறக்கி மாத்திரையை விழுங்கினார்.

தேனியில் இறங்கும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப, என்னயக் காப்பாத்த நிக்கிறதுகளத்தான் நான் தெனமும் அடக்குறேனா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அக்கா கிட்னியைத் தாக்க நிற்பவையும் அவைதானே; அப்படித் தலையாட்டியது சரிதானா என்று இன்றும் குழம்புகிறேன்.