கொதிகலன் அறையில் பொங்கிய மா

குடியிருப்பின் நிர்வாகக் குழுவுக்கு நான் தெரிவானதற்கு என் அறிவு காரணமல்ல. ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட்டில் வீடு வாங்கிய புதிதில், ஆண்டுக் கூட்டத்தில் வாஃபல் இலவசம் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். இரண்டாவது வாஃபலுக்கு நான் கையை நீட்டிய அதே நேரத்தில், "குழுவில் சேர யார் தயார்?" என்று கேட்டுவிட்டார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். வாய் நிறைய ஜாம் இருந்ததால் மறுக்க முடியவில்லை.

பதவியோடு ஒரு சாவியும் வந்தது. அது நிலவறையில் இருந்த எண்ணெய்க் கொதிகலன் அறையின் சாவி. அந்தக் கிழட்டு இயந்திரம்தான் எங்கள் கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் சுடுநீர் அனுப்பிக்கொண்டிருந்தது. அனுப்பியது போக மிச்சச் சூட்டை அந்த அறைக்குள்ளேயே விட்டுவிடும். வெளியே பனி கொட்டினாலும் அங்கே பெனியனோடு நிற்கலாம். என் அதிகாரத்தைக் காட்டுவதற்காக ஒருநாள் மனைவியைக் கூட்டிப்போனேன். அவள் இயந்திரத்தைப் பார்க்கவேயில்லை. அறையின் நடுவில் நின்று கண்ணை மூடினாள்.

"இஞ்சாருங்கோ, இதுக்கை மா வைச்சா விடியப் பொங்கி வழியுமப்பா."

ஒஸ்லோக் குளிரில் தோசைக்கு மா புளிக்கவைப்பது பெரிய வேலை. போர்வையால் சுற்றிப் பார்த்தோம், மின்சார அடுப்புப் பெட்டிக்குள் விளக்கைப் போட்டு வைத்துப் பார்த்தோம், ஒருமுறை என் குளிர்ச்சட்டையையே பானைக்குப் போட்டுவிட்டோம். நான் வேலைக்கு நடுங்கிக்கொண்டே போனேன். மா அசையவில்லை. கொதிகலன் அறையில் வைத்த முதல் வெள்ளிக்கிழமையே அது மூடியைத் தள்ளிக்கொண்டு எழும்பியது. அன்றிலிருந்து வெள்ளி மாலை பெரிய பானை கீழே இறங்கும். சனி காலை எங்களுக்கும் இன்னும் நான்கு தமிழ் வீடுகளுக்கும் தோசை. இரகசியம் எனக்கும் மனைவிக்கும் மட்டும்.

அந்த மாவில் பங்கு வாங்கியவர்களில், தமிழ்நாட்டிலிருந்து ஆராய்ச்சி வேலைக்கு வந்து மூன்றாம் மாடியில் தனியாக இருந்த பொறியியலாளத் தம்பியும் ஒருவர். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு எவர்சில்வர் டப்பாவோடு வந்து நிற்பார். "அக்கா, மாவு இருக்கா?" மாவைக் கொண்டுபோய் இட்லி அவிப்பார். அது எங்கே பொங்குகிறது என்று அவர் கேட்டதில்லை. ஆராய்ச்சியாளர் ஆராயாமல் விட்ட ஒரே விஷயம் அதுதான்.

பிறகு எண்ணெய் விலை ஏறியது, கொதிகலன் இருமத் தொடங்கியது. மலைக்கு அந்தப் பக்கம் நகரத்துக் குப்பையை எரிக்கும் ஆலை ஒன்று இருந்தது. அந்தச் சூட்டைத் தண்ணீரில் ஏற்றித் தெருவுக்கு அடியால் குழாயில் அனுப்புவார்கள். நோர்வேஜியர்கள் அதைத் 'தூரச் சூடு' என்பார்கள். நாங்களும் அதற்கு மாறலாமா என்று குழுத் தலைவியான ஓய்வுபெற்ற ஆசிரியை கேட்டார். கணக்குப் போட்டுத் தருவதாக ஒருவர் இலவசமாக முன்வந்தார். யாரென்று சொல்லத் தேவையில்லை.

வீட்டில் மனைவிக்கு விளக்கினேன்.

"எங்கட குப்பையை எரிச்சு, அந்தச் சூட்டை எங்களுக்கே விக்கப் போறாங்கள்."

"குப்பை எடுக்கிறதுக்கும் நாங்கள்தானே காசு கட்டுறம்?"

"ஓம்."

"பிறகு அதிலை வாற சூட்டுக்கும் நாங்கள்தான் கட்டவேணுமோ?"

"ஓம்."

"என்ர வாழைக்காய்த் தோலுக்கு ரெண்டு தரம் காசு. கெட்டிக்காரர்தான்."

இதை என் சொந்தக் கருத்தாகக் கூட்டத்தில் எடுத்துவிட்டேன். தம்பி மகிழ்ந்துபோய் ஆங்கிலத்தில் விளக்கினார். இரண்டு பக்கமும் வருமானம் வருவதால்தான் ஆலை எண்ணெயைவிட மலிவாகச் சூட்டை விற்க முடிகிறதாம். தோலும் கடதாசியும் திரும்பத் திரும்ப முளைத்து வருபவை, ஆகவே அந்தப் பங்கு புதுப்பிக்கத்தக்க சக்தி. செலவெல்லாம் குழாய் புதைப்பதில்தான். எத்தனை வீடுகள் சேர்கின்றனவோ அத்தனைக்குத் தலைக்குச் செலவு குறையும். ஆனால் சேர்ந்துவிட்டால் விற்பவர் ஒருவர்தான், வேறு கடைக்குப் போக முடியாது.

இந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு குழுவில் இருவர் எதிர்த்தார்கள். தலைவியும் இன்னொருவரும் ஆதரவு. என் வழக்கம் எளியது. எந்தப் பக்கம் கை அதிகமோ அங்கே என் கையும் சேரும். அன்று இரண்டுக்கு இரண்டு. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

என் கண் தம்பியின் தாளில் ஒரு வரியில் நின்றது. 'கொதிகலன் அறையில் யாருக்கும் பயன்படாமல் வீணாகும் சூடு.' எதிரே பெரியதொரு தொகை. வெள்ளிக்கிழமை மாலை அது. நாங்கள் இருந்த நாற்காலிகளுக்கு நேர் கீழே அந்த வீண் சூடு எங்கள் பானைக்குள் வேலை செய்துகொண்டிருந்தது.

அயலவரின் மாதக் கட்டணத்தை நினைத்துக் கை தூக்கினேன் என்று எழுத ஆசைதான். உண்மை வேறு. எதிர்த்தால் காரணம் கேட்பார்கள். மா பொங்குவதை நோர்வேஜிய மொழியில் எப்படி விளக்குவது? அந்தப் பயத்தில்தான் கை எழும்பியது.

"என்ன முடிவெடுத்தவை?" என்றாள் மனைவி.

"இன்னும் கதைக்கினம்."

கோடையில் கொதிகலனைத் துண்டு துண்டாக வெட்டி வெளியே எடுத்தார்கள். மனைவி ஜன்னலால் பார்த்தாள்.

"கை தூக்கினது ஆர்?"

"பெரும்பான்மை."

"அந்தப் பெரும்பான்மை இனி ஆரின்ர கையாலை தோசை தின்னப்போகுது?"

குளிர் தொடங்கிய முதல் சனிக்கிழமை. மா சீமெந்துபோலக் கிடந்தது. ஒன்பது மணிக்கு மணி அடித்தது.

"அக்கா, மாவு?"

"இல்லைத் தம்பி. பொங்கேல்லை."

"ஏங்க்கா திடீர்னு?"

"நீர் தாளிலை எழுதின வீண் சூட்டிலைதான் இவ்வளவு நாளும் பொங்கினது," என்றேன் நான்.

தம்பி டப்பாவோடு எங்கள் சப்பாத்துத் தட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். "அப்போ என் இட்லியை நானே..."

"ஓம் தம்பி," என்றேன். "கணக்குப் போட்டுக் கழிச்சுப்போட்டீர்."

மூவரும் கீழே போனோம். அறை குளிர்ந்து கிடந்தது. சுவரில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. குழாய்களுக்கெல்லாம் தடித்த உறை. தம்பி ஒவ்வொன்றாக நாடி பிடித்தார். பெட்டிக்குப் பின்னால் ஓரிடத்தில் கையைச் சட்டென்று இழுத்தார். உறையில்லாத ஒரு வால்வு!

"இதுக்குப் பக்கத்திலை ஒரு வாளி வைக்கலாம்," என்றாள் மனைவி.

தம்பியின் முகம் வாடியது. "இதை மூடாம விட்டிருக்காங்கன்னு போன வாரம் நான்தான்க்கா கம்ப்ளைன்ட் எழுதினேன். திங்கக்கிழமை மூட வராங்க. அண்ணா, நீங்க கமிட்டில இருக்கீங்க, ஏதாவது பண்ணுங்க!"

அப்படியே தலைவியின் கதவைத் தட்டினோம். ஒரு வால்வை உறையில்லாமல் விடுவதன் நட்டத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிய தம்பி, அது எவ்வளவு அற்பமான நட்டம் என்று இப்போது மூச்சு விடாமல் பேசினார். தலைவி என்னைப் பார்த்தார். "ஆனாலும் சூடு வீண்தானே?"

வேறு வழியில்லை. எனக்குத் தெரிந்த நோர்வேஜியச் சொற்கள் எல்லாவற்றையும் செலவழித்துப் பானைக் கதையைச் சொல்லி முடித்தேன்.

"அப்படியென்றால் வெள்ளிக்கிழமைகளில் வந்த அந்தப் புளித்த மணம்?"

"எங்கள் மா."

"நீங்கள் பியர் காய்ச்சுவதாக அல்லவா குழு முழுவதும் நினைத்திருந்தது! ஒரு போத்தலாவது தருவீர்கள் என்று காத்திருந்தோம். எதிர்த்துக் கை தூக்கிய இருவரும் உங்கள் பியரைக் காப்பாற்றத்தான் தூக்கினார்கள். ஒரே கடை என்றதெல்லாம் சாட்டு."

ஆக, என் மாவுக்காக இரண்டு நோர்வேஜியர்கள் போராடியிருக்கிறார்கள். தோற்கடித்தது என் கை.

வால்வுக்கு உறை போடவில்லை. அதன் பக்கத்தில் ஒரு வாளிதான் நிற்கும், அதனால் பங்கு குறைந்துவிட்டது. மனைவி ஒரு வரிசை வைத்தாள். முதல் தோசை தலைவிக்கும் எதிர்த்த இருவருக்கும். பிறகு மற்றத் தமிழ் வீடுகள், பிறகு தம்பியின் டப்பா. நான் தட்டை நீட்டினால் வாளியின் அடியைச் சுரண்டிக்கொண்டே சொல்வாள்:

"பெரும்பான்மைக்குக் கடைசியிலை."