முதலாளியின் கட்டைவிரல்

பெங்களூர் கண்டோன்மென்ட்டில் ஒரு மரச்சாமான் கடையில் எனக்கு வார்னிஷ் பூசும் வேலை. முதலாளி தங்கமான மனுஷர். ஒரே குறை, யாரையும் நம்ப மாட்டார். தச்சர் அடித்த ஆணியைத் தானும் ஒரு தட்டுத் தட்டுவார். நான் பூசிய வார்னிஷ் காய்ந்ததா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். காயாத வார்னிஷில் அழுத்தினால் ரேகை பதியத்தானே செய்யும். "பாத்தியா, நான் பாக்கலைன்னா இது இப்படியே போயிருக்கும்" என்பார். ரேகை தன்னுடையது என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் கோயிலுக்கு பிஷப் வருவதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவர் உட்கார ஒரு பெரிய நாற்காலி செய்யும் வேலை எங்களுக்கு வந்தது. அந்த ஈரத்தில் துவைத்த துணியே காயாது, வார்னிஷ் எங்கே காயும்? நான் பூசுவேன். காலையில் வந்து முதலாளி அழுத்துவார். உப்புத்தாளால் தேய்த்து மறுபடி பூசுவேன். மறுநாளும் அதே கட்டைவிரல். வியாழக்கிழமை அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"சனிக்கிழமை இது கோயிலுக்குப் போகலைன்னா, திங்கக்கிழமை நீ வேலைக்கு வராதப்பா."

எனக்கு அப்போதுதான் பெண் நிச்சயமாகியிருந்தது. நிலையான வேலை என்பதைத் தவிர பெண் வீட்டார் மெச்சும்படி என்னிடம் வேறொன்றும் கிடையாது.

கடைசித் தடவை பூசும்போது அதே வார்னிஷை ஒரு துண்டுப் பலகையிலும் பூசி அவரிடம் கொடுத்தேன்.

"ரெண்டும் ஒரே நேரத்துல பூசினது மொதலாளி. இதை எவ்வளவு வேணா அமுக்கிப் பாருங்க, நாற்காலிய மட்டும் விட்டுடுங்க."

அவருக்கு அது பிடித்துப்போயிற்று. வெயில் எட்டிப் பார்த்தபோதெல்லாம் பலகையும் கையுமாக வாசலில் போய் நின்றார். சனிக்கிழமை பலகை நன்றாகக் காய்ந்திருந்தது. நாற்காலியைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டோம்.

ஞாயிறு காலை கண் விழித்ததும்தான் எனக்கு உறைத்தது. வெயில் பட்டது பலகைக்கு. நாற்காலி இருந்ததோ பட்டறையின் இருட்டு மூலையில். முகம்கூடக் கழுவாமல் கோயிலுக்கு ஓடினேன். அங்கே நாற்காலியின் மேல் முதலாளி குனிந்து நின்றிருந்தார். வலது கைப்பிடியில் அவர் ரேகை புதிதாகப் பதிந்திருந்தது.

"உன்னை நம்பலைன்னு நெனைக்காதப்பா. பலகையைத்தான் நம்பலை."

"நானும் அதுக்குத்தான் வந்தேன் மொதலாளி."

ஆளுக்கொரு கைப்பிடியாகக் குனிந்து வாயால் ஊதினோம். கன்னம் வலிக்க ஊதிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது.

பிஷப் வந்தார், உட்கார்ந்தார், சரியாக அந்த ரேகையின் மேலேயே கையை வைத்தார். பிரசங்கம் முடியும்வரை எடுக்கவில்லை. அன்று என்ன பிரசங்கம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

பூசை முடிந்ததும் பிஷப்பின் மோதிரத்தை முத்தமிட எல்லோரும் வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் முதலாளி. பயபக்தியோடு முட்டி போட்டார், முத்தமிட்டார். பிறகு பிஷப்பின் கையை விடாமல் மெல்லத் திருப்பி, உள்ளங்கையைப் பார்த்தார்.

எழுந்தவர் என் காதருகே வந்து, "நாளைக்கு வேலைக்கு வந்துடுப்பா" என்றார்.