தரை தெரியும் ஷூ

மருத்துவமனை நடைவழியில் ஒற்றைச் செருப்பு ஒன்று கிடந்தது. ஸ்டெல்லாவுடையதைப் போல இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே நிமிர்ந்தேன். எனக்கு முன்னால் என் மனைவி ஒரு காலில் செருப்பும் மறுகால் வெறுமையுமாகப் போய்க்கொண்டிருந்தாள். கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து தன் பாதத்தைப் பார்த்தாள்.

"எப்ப கழண்டுச்சின்னே தெரியலங்க" என்றாள்.

மார்பகப் புற்றுநோய்க்காகப் புதுச்சேரியில் கீமோதெரபி (புற்றணுக்களை அழிக்கும் மருந்தை ஊசி வழியாக ரத்தத்தில் ஏற்றுவது) நடந்துகொண்டிருந்த காலம் அது. நெய்வேலியிலிருந்து போய் வருவோம். முடி கொட்டும், வாந்தி வரும் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்லியிருந்தார்கள். பாதம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போகும் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எங்கள் காதில் ஏறியிருக்காது.

மருத்துவர் அவளைக் கண்ணை மூடச் சொன்னார். பஞ்சால் ஒவ்வொரு விரலாகத் தொட்டார்.

"இன்னும் தொடலையா டாக்டர்?" என்று கேட்டாள் ஸ்டெல்லா. அவர் தொட்டு முடித்திருந்தார்.

பெரிஃபெரல் நியூரோபதி (கை, கால் முனைகளில் உள்ள நரம்புகள் பழுதாகி உணர்ச்சி மங்குவது) என்றார். மருந்தின் பக்கவிளைவு. சிலருக்கு மெல்லத் திரும்பும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும். அவளுக்கு எப்படி ஆகும் என்று அவராலும் சொல்ல முடியவில்லை.

நான் சுரங்கத்தில் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்க்கிறவன். ஷிஃப்டுக்கு வருகிறவர்களின் முகத்தைப் பார்க்கும் முன்பே காலைப் பார்த்துப் பழகியவன். பர்மனென்ட் ஆளோ கான்ட்ராக்ட் ஆளோ, சேஃப்டி ஷூ இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். இதனால் எனக்கு நல்ல பெயர் கிடையாது. காலை மூடிக் காப்பாற்ற வேண்டும், எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். பெண்களுக்கான சேஃப்டி ஷூவில் எடை குறைந்ததாகத் தேடி ஒரு ஜோடி வாங்கிவந்தேன். கனத்த அடி, விரல் பக்கம் இரும்பு மூடி. ஆணி குத்தினாலும் இறங்காது என்று பெருமையடித்துக்கொண்டேன்.

அதைப் போட்டுக்கொண்டு கட்டிலிலிருந்து கதவை நோக்கி நடந்தாள். கதவைப் பிடிப்பதற்குள் விழுந்துவிட்டாள். தூக்கி உட்காரவைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

"இதப் போட்டுகினா நான் எங்க நிக்கிறேன்னே தெரியல. மெத்த மேல நிக்கிறாப்புல இருக்கு. கழட்டுங்க மொதல்ல."

அவளுடைய கவலை வீட்டுக்குள் நடப்பதைப் பற்றியது மட்டுமல்ல. எங்கள் கோயிலில் எல்லோரும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். நற்கருணை (பூசையில் இயேசுவின் உடலாகக் கொடுக்கப்படும் அப்பம்) வாங்க வரிசையில் நடந்து பீடத்துக்கு முன்னால் போக வேண்டும். கால் தடுமாறத் தொடங்கியதும் பங்குத்தந்தை அவள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கே கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக்கொள்வாள், வீடு வந்து சேரும்வரை பேசமாட்டாள்.

"ஷூ போட்டுக்கிட்டே உள்ள வாங்கம்மா, ஒண்ணும் தப்பில்ல" என்று அவரே ஒருநாள் சொன்னார்.

"இல்லீங்க ஃபாதர். எல்லாரும் வெறுங்காலோட வர்றாங்க. நானும் வருவேன். சாமி என்னயத் தேடிகினு வர வேணாம், நான் நடந்து வந்து வாங்கிக்கிறேன்."

நெல்லிக்குப்பத்துக்காரி. ஒன்றைச் சொல்லிவிட்டால் இறங்கி வரமாட்டாள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் நிர்மலா அனுப்பிய பார்சலில்தான் அந்த ஷூ வந்தது. வெறுங்கால் ஷூ என்றாள். அடி அவ்வளவு மெல்லிசு, சப்பாத்தி போலச் சுருட்டலாம். குதிகால் உயரம் இல்லை. முன்பக்கம் அகலமாக இருந்ததால் விரல்கள் விரிந்து கிடக்க இடமிருந்தது. எனக்குச் சிரிப்பாக வந்தது. இதுக்குப் பேர் ஷூவா, காலுறையில் ரப்பர் ஒட்டி விற்கிறான், அதற்கு நம் பிள்ளை ஏமாந்திருக்கிறது என்று போனில் நிர்மலாவிடமே சொன்னேன்.

"அப்பா, அம்மா என்ன மைன்ஸுக்கா போறாங்க?" என்றாள் அவள்.

மருத்துவரிடம் எடுத்துப்போய்க் காட்டினேன். அவர் தடை போடுவார் என்று உள்ளுக்குள் ஆசை. அவர் ஷூவை வளைத்துப் பார்த்தார்.

"இது நரம்பைக் குணப்படுத்தாது. ஆனா உணர்ச்சி கொஞ்சம் மிச்சம் இருக்கு. மெல்லிசா இருந்தா தரை கொஞ்சமாவது காலுக்குத் தெரியலாம், முயற்சி பண்ணிப் பாக்கட்டும். வீட்டுக்குள்ள, யாராவது பக்கத்துல இருக்கும்போது மட்டும். வெளிய கல்லு முள்ளுல வேணாம். குத்தினா அவங்களுக்குத் தெரியாது. தினமும் நீங்கதான் பாதத்தைப் பாக்கணும்."

இதை வாசிக்கும் உங்கள் வீட்டில் இப்படி உணர்ச்சி மங்கிய கால் இருந்தால், ஷூவைவிட அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். சர்க்கரை நோயால் மரத்த கால் என்றால் மருத்துவரைக் கேட்காமல் இந்த ஷூ பக்கமே போகாதீர்கள்.

மாலை ஜெபமாலை முடிந்ததும் அவள் கட்டிலில் காலை நீட்டுவாள். நான் டார்ச் அடித்து விரலிடுக்கு, குதிகால், உள்வளைவு என்று பார்ப்பேன். இத்தனை வருஷம் கூட வாழ்ந்து, அவளுடைய இடது பாதத்தில் ஒரு மச்சம் இருப்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

"இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சிதா சார்? உள்ள வுடுவீங்களா?" என்பாள்.

குவார்ட்டர்ஸ் கூடத்தில் சுவரைத் தொட்டபடி அந்த ஷூவோடு நடந்து பழகினாள். பிசியோதெரபியில் (உடற்பயிற்சி மூலம் அசைவை மீட்கும் சிகிச்சை) சொல்லிக்கொடுத்தபடி விரல்களை விரித்து ஊன்றுவாள். மாதங்கள் போயின. சுவரை விட்டாள். பிறகு ஷூவையும் கழற்றிவிட்டு நடந்து பார்த்தாள். ஒருநாள் குளியலறை வாசலில் நின்று என்னைக் கத்திக் கூப்பிட்டாள். விழுந்துவிட்டாள் என்று ஓடினேன்.

"சில்லுனு இருக்குங்க" என்றாள். முகமெல்லாம் கண்ணீர்.

அடுத்த ஞாயிறு பூசையில் வரிசையில் எழுந்து நின்றாள். நான் பின்னாலேயே கையை நீட்டியபடி போனேன். "கைய எடுங்க" என்று திரும்பாமலே சொன்னாள். மெதுவாக, ஒவ்வொரு அடியையும் கேட்டுக் கேட்டு வைப்பவளாகப் போனாள். பீடத்துக்கு முன்னால் நின்று, வாங்கிக்கொண்டு, திரும்பி நடந்து வந்தாள். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேச்சு.

"பீடத்துக்கு முன்னாடி கருங்கல்லு போட்டிருக்காங்கல்ல, அங்க மட்டும் கூடுதலா சில்லுனு இருக்கு. உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமாக அந்த வரிசையில் போகிறேன், கவனித்ததில்லை.

நாங்கள் அதைக் குணமாகிவிட்டதென்றே எடுத்துக்கொண்டோம். குணமானது பாதம் மட்டும். நோய் கல்லீரலில் திரும்பியிருந்தது. மெட்டாஸ்டேசிஸ் (புற்றுநோய் வேறு உறுப்புக்குப் பரவுவது) என்று மருத்துவர் சொன்னபோது ஸ்டெல்லா தலையசைத்துக் கேட்டுக்கொண்டாள். மறுபடி கீமோ கொடுத்தால் கால் போயிடுமா என்று மட்டும் கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். கால் அவருடைய கவலையில் இல்லை என்று எனக்குப் புரிந்தது.

படுக்கையில் விழுந்த பிறகும் மாலையில் டார்ச்சோடு உட்கார்ந்தேன். குதிகாலில் படுக்கைப்புண் வரக்கூடாதென்று தலையணை வைத்தேன்.

"நடக்காத காலுக்கு எதுக்குங்க?" என்றாள்.

"ரூல்ஸ்" என்றேன். சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

அடக்கத்துக்கு முன் உறவுக்காரப் பெண்கள் பட்டுச்சேலை கட்டி, வெள்ளைக் காலுறை மாட்டியிருந்தார்கள். எல்லோரையும் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னேன். காலுறையைக் கழற்றிப் பார்த்தேன். விரலிடுக்கு, குதிகால், உள்வளைவு. ஊசியும் கத்தியும் படாத இடமில்லாத அந்த உடம்பில் பாதங்களில் மட்டும் ஒரு கீறல் இல்லை. காலுறையை மாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

சுரங்கத்து கேட்டில் நின்று இன்னும் காலைத்தான் பார்க்கிறேன். ஷூ இல்லாதவரை இன்னும் திருப்பி அனுப்புகிறேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் என் ஷூவைக் கழற்றி எறிகிறேன். முன்பெல்லாம் என் நாளை ஷிஃப்டால் பிரித்தேன், இப்போது ஜெபமாலைக்கு முன், ஜெபமாலைக்குப் பின் என்று இரண்டாகிவிட்டது. பின்பகுதியில் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வரிசையில் போகிறேன். பீடத்துக்கு முன்னால் கருங்கல் வருகிறது. அவள் சொன்னது சரிதான், அங்கே மட்டும் கூடுதலாகச் சில்லென்று இருக்கிறது. வாங்கிக்கொண்ட பிறகும் அதன்மேல் கொஞ்ச நேரம் நின்றுவிடுகிறேன். பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்துவதில்லை.