ம் கொட்டிய கால்

எங்கள் சர்க்கரை ஆஸ்பத்திரியில் நூலக்காவுக்குப் பயப்படாதவர் யாரும் இல்லை, பெரிய டாக்டர் உட்பட. அக்காவின் வேலை கால் பார்ப்பது. பேனா மாதிரி ஒரு தண்டு, அதன் நுனியில் விறைப்பான நைலான் இழை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, அந்த இழையைப் பாதத்தில் வைத்து, அது வளைகிற அளவுக்கு அழுத்துவாள். தொட்டது தெரிந்தால் சொல்ல வேண்டும். ஒரு காலுக்குப் பத்து இடம். தெரியாத இடங்கள் இருந்தால் கால் மரத்துப்போகிறது என்று அர்த்தம். ஆணி குத்தினாலும் நெருப்பு சுட்டாலும் அந்தக் கால் தன் சொந்தக்காரனிடம் இனி சொல்லாது. இதற்கு ஜனங்கள் "நூல் பார்க்கிறது" என்று பேர் வைத்தார்கள், அவள் நூலக்கா ஆனாள். "இந்த வயசுல எனக்கு நூல் விட்டுப் பாக்குறீங்களாக்கா" என்று பல்லை இளிக்கிற ஆட்களுக்கு அவள் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது.

எனக்குப் பக்கத்து அறை. நான் புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுகிறவன். அவள் அறையில் ஜன்னலும் மின்விசிறியும் உண்டு, என் அறையில் நாற்றம் உண்டு. நடுவில் வெறும் பலகைத் தடுப்புதான் என்பதால் அவள் வாய் எனக்கு முழுநேரமும் இலவசம்.

"வெறுங்கால்ல நடந்தியா? இல்லன்னு சொல்லாத, குதிகால் வெடிப்பு சொல்லுது."

"விரல் இடுக்குல இவ்வளவு ஈரம். குளிச்சுட்டுத் துடைக்க நேரமில்லாத அளவுக்கு அப்படி என்ன உத்தியோகம் உனக்கு?"

"செருப்பைப் போடுறதுக்கு முன்னாடி உதறிப் பாக்கச் சொன்னேனா இல்லையா?"

அவள் சொன்னது எல்லாம் சரி. அதுதான் எனக்குக் கடுப்பு. டீ வந்ததும் டாக்டர்கள் முன்னாலேயே என்னைப் பார்த்துச் சொல்வாள்: "என் நூல்ல பாஸானவன் ஒருத்தன்கூட உன் ரூமுக்கு வந்ததில்ல தம்பி." நான் சிரித்து மழுப்புவேன். வயிறு எரியும்.

ஒரு நாளைக்கு எழுபது, எண்பது கால். வெளியே வரிசை வாசல் தாண்டி நிற்கும். அவளுக்கென்று ஒரு ஓட்டம் படிந்துவிட்டது. கட்டை விரலில் ஆரம்பித்துக் குதிகாலில் முடிப்பாள், எப்போதும் அதே வரிசை, அதே வேகம். ஒவ்வொரு தடவை தொடும்போதும் "ம்?" என்பாள். நோயாளி "ம்" என்பார். இடத்தை மாற்றி மாற்றித் தொடணும், நடுவில் காக்க வைக்கணும், வாயைத் திறக்கவே கூடாது என்றுதான் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். நானும் அந்த வகுப்பில் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் பத்தொன்பது வருடமாகத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்டதெல்லாம் "ம்? ம். ம்? ம்." கதை சொல்கிறவருக்கு ம் கொட்டுகிற மாதிரி.

அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். நான் மாமா என்று கூப்பிடுவேன். பதினோரு வருடமாகச் சர்க்கரை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கட்டில் ஓரத்தில் அவரை உட்காரவைத்து அக்காவே நூல் பார்ப்பாள். மறுநாள் எங்களுக்குச் சேதி வரும். "எங்க வீட்டுக்காரருக்குப் பத்துக்குப் பத்து. சும்மாவா, யார் கையில இருக்கார்?"

ஒரு நாள் மதியம் மாமா அவள் அறைக்குப் போகாமல் நேராக என் அறைக்கு வந்தார்.

"சாக்ஸ் ஈரமா இருக்குடா தம்பி. எங்கயோ தண்ணியில மிதிச்சுட்டேன் போல. அவகிட்டச் சொல்லாத, வைவா."

இடது ஷூவைக் கழற்றினேன். சாக்ஸ் கறுத்துப்போய் இருந்தது. தலை முறிந்த ஒரு திருகாணி ஷூவின் அடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்து, கட்டை விரலுக்குக் கீழே சதைக்குள் போயிருந்தது. இந்தக் காலை வைத்துத்தான் காலையிலிருந்து எத்தனை மணி நேரமாகவோ கிளட்சை மிதித்திருக்கிறார். இடுக்கியால் பிடுங்கினேன். சில்லறைக்குச் சண்டை போட்ட பயணி ஒருவனைப் பற்றி அப்போது சொல்லிக்கொண்டிருந்தார். வாக்கியம் நிற்கவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த நிமிஷம் சந்தோஷமாக இருந்தது.

"அக்கா, கொஞ்சம் வந்து நூல் பாருங்க" என்று குரல் கொடுத்தேன்.

வந்தாள். காலைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. ஆனாலும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புண்ணை விட்டுவிட்டு மற்ற ஒன்பது இடத்தையும் தொட்டாள். ம்? ம். ம்? ம். ஒன்பதும் பாஸ்.

"உணர்ச்சி நல்லா இருக்கு. அப்புறம் எப்படித் தெரியாமப் போச்சு?" என்று என்னைக் கேட்டாள்.

நூலை அவளிடம் வாங்கி என் சட்டைப்பையில் போட்டேன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"மாமா, கண்ணைத் திறக்காதீங்க. ம்?"

"ம்."

"ம்?"

"ம்."

ஆறு தடவை செய்தேன். அவளுக்குப் புரிய ஒரு தடவை போதும். மற்ற ஐந்தும் என் வயிற்றெரிச்சலுக்கு.

"என்னங்க, அவன் தொடவே இல்ல. ஏன் சொன்னீங்க?" அவள் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

மாமா கண்ணைத் திறந்தார். "நீ கேப்ப, நான் சொல்லுவேன். அப்படித்தான?"

"தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"ரெண்டு வருஷமா அது அடுத்தவன் கால் மாதிரிதான் இருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் நீதான் பத்துக்குப் பத்துன்னு சொன்ன. படிச்சவ நீ. நான் என் காலை நம்புறதா, உன்னை நம்புறதா?"

கோபமே இல்லாமல் கேட்டார். ஒரு அறை விட்டிருந்தால்கூட அவளால் தாங்கியிருக்க முடியும்.

சீழ் எலும்புக்குப் போய்விட்டது. முதலில் கட்டை விரலை எடுத்தார்கள், பிறகு பாதி பாதத்தை, பிறகு முழங்காலுக்குக் கீழே மொத்தமாக. எல்லாம் இருபத்தாறு நாளுக்குள். ஒவ்வொரு தடவையும் கட்டுப் பிரித்தவன் நான். அவள் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவள் என்னை நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்று இருந்தது. ஏனென்றால் அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அவளிடம் பாஸானவர்களில் மூன்று பேர் மாமாவுக்கு முன்னாலேயே என் அறைக்குப் புண்ணோடு வந்திருக்கிறார்கள். நான் சொல்லவில்லை. நேரம் பார்த்து டீ வேளையில் நாலு பேர் முன்னால் அவள் மூக்கை உடைக்கலாம் என்று வைத்திருந்தேன். முதல் ஆள் வந்த அன்றே சொல்லியிருந்தால் மாமாவுக்கு இன்று இரண்டு கால் இருந்திருக்கும். இன்றுவரை அவளிடம் நான் இதைச் சொன்னதில்லை.

அவர் வார்டில் கிடக்க, அவள் வேலைக்கு வந்துகொண்டுதான் இருந்தாள். இப்போது உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, இடத்தை மாற்றி மாற்றித் தொட்டாள். வருடக்கணக்காகப் பத்து வாங்கியவர்கள் மூன்று வாங்கினார்கள், ஒன்று வாங்கினார்கள். முதல் நாளே பதினோரு பேர் தேறவில்லை. "அவ வீட்டுல ஒரு கால் போச்சுன்னு எல்லார் காலையும் வாருறா" என்று வரிசையில் ஒருத்தன் சத்தமாகவே சொன்னான். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா அழுதது எனக்குக் கேட்டது. "முன்ன மாதிரியே கேளுங்கம்மா, நான் சரியாச் சொல்றேன்."

மாமாவின் வலது காலையும் சோதிக்கச் சொல்லிப் பெரிய டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார். அக்கா தினமும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். அவரோ வார்டில் கனவு கண்டுகொண்டிருந்தார்.

"இப்ப கிளட்ச் இல்லாத பஸ் வந்துருச்சு தம்பி. பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் வலது கால் ஒண்ணு போதும். டிப்போ மேனேஜர் மேல எழுதிப் பாக்குறேன்னு சொல்லியிருக்கார். முப்பது வருஷம் ஓட்டினவனை டிக்கெட் கட்டு எண்ண உக்கார வெச்சா செத்துருவேன்."

வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள் காலையில் அக்கா என் அறைக்கு வந்தாள்.

"கூட வா தம்பி. நான் ஏதாவது சத்தம் கொடுத்தா உடனே சொல்லு."

மாமா எங்களைப் பார்த்ததும் தானே போர்வையை விலக்கிக் காலை நீட்டினார். நல்ல கால்தான் பார்வைக்கு, ஒரு கீறல் இல்லை. "இது பாஸ்தான் பாரு. ஷீட்டுல பெருசா எழுது, டிப்போவுல காட்டணும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அக்கா இடது கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். சுண்டு விரலடியில் தொட்டாள். நூல் வளைந்து நிமிர்ந்தது. காத்திருந்தாள். குதிகாலில் தொட்டாள். நடுவிரலில், பாதத்தின் நடுவில், கட்டை விரலில். நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன். மாமா முகத்தை லேசாகத் தூக்கி வைத்திருந்தார், பஸ் ஸ்டாண்டில் தன் வண்டி நம்பரைக் கூப்பிடுவார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிற ஆள் போல. எட்டு. ஒன்பது. பத்து. அவர் உதடு அசையவே இல்லை.

அக்கா நூலை மடியில் வைத்தாள். வாயிலிருந்து கையை எடுக்கவில்லை. கண்ணை மூடியபடியே அவர் இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"என்ன, இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றார்.

"முடிஞ்சிருச்சுங்க" என்றாள்.