ஒன்பதாவது முத்துக்குப் பிறகு

தையல் எந்திரத்தின் இழுப்பறையில், நூல்கண்டுகளுக்கும் உதிரிப் பொத்தான்களுக்கும் நடுவே, ஒன்பது கறுப்பு முத்துகள் கோத்த ஒரு சாண் கயிறு கிடக்கிறது. செபமாலையிலிருந்து அறுத்தது என்று பார்த்தவுடன் தெரியும். சிலுவை இல்லை, மாதா படம் பொறித்த சுருபம் இல்லை. ஒரு முனையில் விரல் நுழைக்க ஒரு வளையம், மறுமுனையில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு முடிச்சு. முடிச்சுக்கு அப்பால் ஒன்றுமில்லை. மந்திரித்த செபமாலையை யாரம்மா அறுத்தது என்று என் மகள் ஒருமுறை கேட்டாள். நான்தான் என்றேன். மேலே ஏதாவது கேட்டுவிடுவாளோ என்று பயந்து, அடுப்பில் என்னவோ தீய்கிறது என்று சொல்லி எழுந்து போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அந்தக் கயிறு என் மாமனாருடையது. தங்கச்சிமடத்துக்குப் பக்கத்தில், வடகடலைப் பார்த்த எங்கள் ஊர்க் கோயிலில் முப்பது வருடம் கோயில்பிள்ளையாக இருந்தவர். பூசைக்கு மெழுகுதிரி ஏற்றுவதும் மணியடிப்பதும் அவர் வேலை. அறுபதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே வாழ்க்கைப்பட்டுப் போனபோது எனக்குப் பத்தொன்பது வயது. காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளை மணி. மூன்று அடி, இடையில் ஒரு செபம். மறுபடி மூன்று, மறுபடி செபம். இன்னொரு மூன்று, இன்னொரு செபம். கடைசியில் சேர்ந்தாற்போல் ஒன்பது அடி. அந்த ஒன்பதைத் தாண்டி மணி அடித்துக்கொண்டே போனால் அதற்குப் பொருள் வேறு. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியாகிவிட்டது, வலையை அறுத்துவிட்டாவது கரைக்கு வா என்று பொருள். அதனால் கரையோரமாகத் தொழில் செய்யும் வள்ளங்களில் இருப்பவர்கள் நண்பகல் மணியின் ஒன்பதாவது அடியில் கையை நிறுத்திக் காது கொடுப்பார்கள். பத்தாவது விழவில்லை என்றால்தான் மறுபடி வலையைத் தொடுவார்கள். என் கணவரும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருப்பார். கரையில் கருவாடு புரட்டியபடி நானும் அதையே கேட்டுக்கொண்டிருப்பேன், வயிற்றில் பிள்ளையோடு.

அந்த வருடம் திருவிழாவுக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சாரம் கட்டியபோது மேல்பலகை சரிந்து மாமாவின் நெற்றியில் விழுந்தது. மூன்று வாரத்தில் எழுந்துவிட்டார். புருவத்துக்கு மேல் பிறைபோல ஒரு தழும்பு, அவ்வளவுதான். ஊரே வந்து சோதித்துப் பார்த்தது. யார் பிள்ளைக்கு எந்த வருடம் ஞானஸ்நானம் என்று கேட்டால் சொன்னார். இலத்தீன் பாட்டை ஒரு சொல் பிசகாமல் பாடினார். மாதா காப்பாற்றினாள் என்று எல்லோரும் போய்விட்டார்கள். எனக்கு மட்டும் அதை நம்ப முடியவில்லை. ஏனென்றால் வீட்டுக்குள் நான் பார்த்த மாமா வேறு. குளியுங்கள் என்று சொன்னால்தான் எழுந்தார். சோற்றைப் போட்டு வைத்தால் பார்த்துக்கொண்டே இருந்தார், சாப்பிடுங்கள் என்று சொல்லும்வரை. சொன்ன பிறகு தட்டு காலியானாலும் விரல் தட்டை வழித்துக்கொண்டே இருந்தது. தானாக எழுந்து போன ஒரே இடம் மணிக்கயிறு. வேளை வந்தால் ஏதோ அவரை உள்ளிருந்து தள்ளியது போல எழுந்து நடந்துவிடுவார்.

எழுந்து வந்த முதல் நண்பகல். மூன்று, மூன்று, மூன்று. ஒவ்வொரு மூன்றுக்குப் பின்னும் ஒரு செபம் காத்திருந்தது. அது அவர் கையைப் பிடித்து நிறுத்தியது. கடைசியில் சேர்ந்து விழும் ஒன்பதுக்குப் பின் எதுவும் காத்திருக்கவில்லை. பத்து. பதினொன்று. பன்னிரண்டு. கரையில் பெண்கள் எழுந்து நின்றார்கள். வானம் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. கடலில் பாய்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது மாமா கயிற்றை இழுத்துக்கொண்டே, உதட்டளவில், “நிறுத்து, நிறுத்து” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்ததும் நின்றுவிட்டார். “ஒம்போதுல நிறுத்தணும்னு தெரியும் ஆத்தா. நானும் சொல்லித்தான் பாத்தேன். கை கேக்கல” என்றார். அந்தக் குரலில் வருத்தம்கூட இல்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

அன்று மூன்று வள்ளக்காரர்கள் வலையை அறுத்துவிட்டு வந்திருந்தார்கள். என் கணவரும் ஒருவர். “ஏலே, ஒங்கய்யா செத்துப்போன ஒங்கம்மாவையா கூப்புட்டாரு? மேல இருக்கவளுக்குக் கேக்கட்டும்னு அடிச்சிருப்பாரு” என்று ஒருவர் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். மீன் விற்கிற கூடைக்காரி ஒருத்தி என் முகத்துக்கு நேராகவே, “ஒங்க வீட்டுல ஒம்போதுக்கு மேல எண்ணத் தெரியும்னு ஊருக்கே காட்டியாச்சு. இப்ப அறுத்த வலைய யாரு கட்டித் தருவா?” என்றாள். பங்குச்சாமியார் நல்லவர், கோபப்படவில்லை. “இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா வேற ஆளு போட வேண்டியதுதாம்மா. பொய்யா அடிச்ச மணிய அடுத்த தடவ எவன் நம்புவான்?” என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் மணியையும் எடுத்துவிட்டால் மாமாவை எழுப்ப இந்த உலகில் வேறு எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு பக்கம் கடலில் இருக்கும் அத்தனை உயிர், ஒரு பக்கம் கட்டிலில் உட்கார்ந்தே கரைந்து போகப்போகும் ஒரு மனிதர். இரண்டுக்கும் நடுவில் நான் நின்றேன்.

மதுரைக்குக் கூட்டிப் போனோம். மூளை வைத்தியம் தெரிந்த டாக்டர் ஒருவர், இளவயசுக்காரர், நீண்ட நேரம் பேசிப் பார்த்துவிட்டு மேசையில் விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். “பெரியவரே, நான் ஒரு தட்டு தட்டினா நீங்க ரெண்டு தட்டணும். நான் ரெண்டு தட்டினா நீங்க தட்டவே கூடாது. எங்கே, நான் என்ன சொன்னேன், சொல்லுங்க.” மாமா அப்படியே திருப்பிச் சொன்னார். டாக்டர் இரண்டு தட்டினார். மாமாவின் முட்டியும் இரண்டு தட்டியது. தட்டும்போதே, “இப்ப சும்மா இருக்கணும்” என்று அவர் வாய் சரியாகச் சொன்னது. மறுபடியும் அப்படியே. நாலாவது தடவை நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளை வேறொரு வேலை பார்க்கிறது என்றார் டாக்டர். நினைவு அங்கே இல்லை, பேச்சு அங்கே இல்லை. எதைத் தொடங்குவது, எப்போது நிறுத்துவது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படி மாறுவது என்று உத்தரவு போடுகிற இடம் அது. “வள்ளத்துல பாயி, துடுப்பு, ஆளு எல்லாம் சரியா இருக்கு. சுக்கான் பிடிக்கிறவன்தான் அப்பப்ப தூங்கிடுறான்” என்று எங்களுக்குப் புரியும்படி சொன்னார். மருந்து உண்டா என்றேன். இல்லை என்றார். “அந்த உத்தரவு உள்ளருந்து வரலேன்னா வெளியருந்து வரணும். கண்ணால பாக்குற மாதிரி, கையால தொடுற மாதிரி ஏதாவது.” ரயிலில் திரும்பும்போது மாமா சன்னல் கம்பியைத் தட்டிக்கொண்டே வந்தார். நான் என் கையை அவர் கைமேல் வைத்தேன். எடுத்தேன். மறுபடி தட்டினார். வைத்தேன். பாம்பன் பாலம் தாண்டும்வரை இப்படியே.

நானே பக்கத்தில் நின்றால் போதும்தான். சில நாள் அப்படித்தான் ஓடியது. ஆனால் பிள்ளைப்பேற்றுக்கு நான் தொண்டிக்கு, தாய்வீட்டுக்குப் போயாக வேண்டும். அப்போதுதான் செத்துப்போன மாமியாரின் செபமாலை நினைவுக்கு வந்தது. வலக்கை கயிற்றை இழுக்கட்டும், இடக்கை முத்தை உருட்டட்டும்; கடைசி ஒன்பதில் அடிக்கு ஒரு முத்து. பத்து முத்துக் கோவையில் முதல் முத்தை விட்டுத் தொடங்கி, பத்துக்கும் பத்துக்கும் நடுவில் இருக்கும் பெரிய முத்து வந்ததும் நிறுத்த வேண்டும். கிணற்றடி வேம்பில் வெறும் கயிற்றைக் கட்டி நாலு நாள் பழக்கினேன். ஒரு தடவைகூடத் தவறவில்லை. ஐந்தாம் நாள் நண்பகல் அவரைத் தனியே விட்டுவிட்டுக் கரைக்குப் போய் நின்றேன்.

ஒன்பது விழுந்தது. பிறகு பெரிய முத்துக்கான இடைவெளி ஒன்று, மூச்சு விடும் நேரம். பிறகு பத்து.

ஓட முடியாத வயிற்றோடு ஓடினேன். பெரிய முத்து என்றால் அவர் விரலுக்கு என்ன பொருள் என்று அந்த ஓட்டத்தில்தான் எனக்கு உறைத்தது. வாழ்நாள் முழுவதும் செபமாலை உருட்டிய விரல் அது. பெரிய முத்து அதற்கு முடிவாக ஒருநாளும் இருந்ததில்லை. அங்கே அடுத்த பத்து தொடங்கும். வட்டமான மாலையைக் கையில் கொடுத்துவிட்டு நிற்கச் சொல்லியிருக்கிறேன். பழக்கிய நாலு நாளும் அவரை நிறுத்தியது முத்தே இல்லை, எதிரே நின்ற என் முகம். நான் போய்ச் சேர்ந்தபோது மூன்றாவது பத்தில் இருந்தார். வெளியே வந்து கடலைப் பார்த்தேன். பாதி வள்ளங்கள் திரும்பிக்கொண்டிருந்தன. மீதிப் பாதி அசையவே இல்லை. திரும்பி வந்தவர்களின் கோபத்தைவிட, திரும்பாமல் அங்கேயே நின்ற அந்தப் பாய்கள்தான் என்னை நடுங்க வைத்தன. மணி பொய்யாகிவிட்டது. இனி மெய்யான நாளில் யார் வருவார்கள்?

சாமியார் வாசலில் நின்றார். அவர் வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன்: “சாயங்கால மணிய மட்டும் அவருக்குக் குடுங்க சாமி. அதுலயும் தப்பினா நானே மணிக்கயித்த அவருகிட்டருந்து வாங்கித் தந்துர்றேன்.” வீட்டுக்குப் போய் அரிவாள்மணையில் வைத்து மாலையை அறுத்தேன். மந்திரித்த பொருள், வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒரு சிலுவை போட்டுக்கொண்டேன். ஒன்பது முத்து, ஒரு முடிச்சு. அதற்கப்பால் விரல் பிடிக்க ஒன்றும் வைக்கவில்லை. மாமா பார்த்துக்கொண்டே இருந்தார். “அவ மாலைதானே ஆத்தா அது” என்றார். “ஆமா மாமா.” “சரி, அவ ஒன்னும் சொல்ல மாட்டா. எனக்குத்தான் எப்பவும் போதும் போதும்னு சொல்லுவா” என்றார். அடிபட்ட பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

சாயங்காலம் ஊர் வந்து கோயில் மணலில் நின்றது. நான் வேண்டுமென்றே தூணுக்குப் பின்னால், அவர் கண்ணில் படாமல் நின்றேன். ஏழு, எட்டு, ஒன்பது. இடக்கைக் கட்டைவிரல் முடிச்சைத் தாண்டி வெறுமையில் வழுக்கியது, முத்தைத் தேடியது, கிடைக்கவில்லை. வலக்கை கயிற்றை விட்டுவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல், காற்றில் அப்படியே நின்றது. பத்தாவது அடி விழவில்லை. யாரோ ஒருவர் இருமினார். கூடைக்காரி, “எண்ணிட்டாருடி” என்றாள் மெதுவாக.

அதன் பிறகு ஒரு மாதம் ஒன்பது ஒன்பதாகவே விழுந்தது. ஐப்பசி முற்றி, நான் தொண்டிக்குப் புறப்பட இருந்த வாரம், ஒரு நண்பகலில் பாம்பனிலிருந்து ஆள் சைக்கிளில் வந்தான். கூண்டு ஏற்றியாச்சு. சாமியார், “விடாம அடிங்க” என்று மாமாவிடம் கத்திவிட்டுக் கரைக்கு ஓடினார். நானும் கூடவே போனேன். மணி ஒன்பது அடித்தது. நின்றது. கடலில் எல்லோரும் காது கொடுத்துவிட்டு மறுபடி வலையைத் தொட்டிருப்பார்கள். என் கணவரும். எத்தனை தவறினால் இந்த ஒரு வேலையைக் கற்றுக்கொள்வேன் என்று அழுதுகொண்டே திரும்பினேன். மாமா காற்றில் கையை வைத்தபடி நின்றார். “விடாம அடிக்கணும்னு தெரியும் ஆத்தா. முடிச்சு வந்துருச்சு” என்றார். அந்த முத்துக் கயிற்றை அவர் விரலிலிருந்து உருவினேன். “அடிங்க மாமா.” அடித்தார். மணி மறுபடி தொடங்கி, பத்தைத் தாண்டி, இருபதைத் தாண்டிப் போனது. ஒரு மாதத்து ஒன்பதுகள் அன்று சாட்சி சொல்லியிருக்க வேண்டும். கறுத்து வந்த வடகடலில் பாய்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஒன்றுகூட மிச்சம் நிற்கவில்லை. கடைசி வள்ளம் மணலைத் தொட்டு, என் கணவர் நனைந்து வந்து கோயில் வாசலில் நின்ற பிறகுதான் மாமாவின் மணிக்கட்டைப் பிடித்தேன். உள்ளங்கை உரிந்திருந்தது. வலிக்கிறதா என்றதற்கு, தெரியவில்லை என்றார்.

எப்போது முத்துக் கயிற்றைக் கொடுப்பது, எப்போது பிடுங்குவது என்று சாமியாருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத் தொண்டிக்குப் போனேன். அங்கே அந்த மணி கேட்காது. ஆனாலும் ஒவ்வொரு நண்பகலும் கையில் இருப்பதை வைத்துவிட்டு ஒன்பது எண்ணினேன். எண்ணி முடித்த பிறகு பத்தாவது விழுந்ததா இல்லையா என்று தெரியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மாமா இன்னும் ஐந்து வருடம் மணியடித்தார். அவர் போன பிறகு, சட்டைப்பையில் இருந்தது என்று சொல்லி இந்தக் கயிற்றை என்னிடம் கொடுத்தார்கள்.

மாமாவின் நோய் எனக்கு இல்லை. என் நெற்றியில் எதுவும் விழவில்லை. ஆனால் இப்போதெல்லாம் வெளியே புறப்பட்டால் பூட்டை இழுத்துப் பார்க்கிறேன். பூட்டியிருக்கிறது என்று தெரியும். பூட்டியாச்சு என்று வாய்விட்டும் சொல்கிறேன். தெருமுனையிலிருந்து திரும்பி வந்து மறுபடி இழுக்கிறேன். தெரிந்திருப்பதற்கும் கைக்கும் நடுவில் உள்ள தூரம் எவ்வளவு என்று மதுரையில் அந்த மேசையருகே பார்த்தவள் நான். அதனால் என் கையை நான் நம்புவதில்லை. சில நாள் பேருந்து போய்விடுகிறது. அப்படிப்பட்ட நாளில் இழுப்பறையைத் திறந்து கயிற்றை எடுத்து வருகிறேன். ஒரு இழுப்புக்கு ஒரு முத்து. ஏழு, எட்டு, ஒன்பது. கட்டைவிரல் முடிச்சைத் தாண்டி வழுக்குகிறது, அங்கே பிடிக்க ஒன்றுமில்லை. பூட்டை விட்ட என் கை, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல், காற்றில் அப்படியே நிற்கிறது.